சுவர் எழும்புவதற்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள்

கட்டடக் கலைஞர்களுக்கும், புதிய கட்டடங்களுக்கு ஒப்புதல் தரும் நிர்வாகக் குழுக்களுக்கும் வணக்கம்.

அலுவலகமோ கல்லூரியோ மருத்துவமனையோ, ஒரு கட்டடத்தைத் திட்டமிடும் கூட்டத்தில் தூணுக்கும் பீமுக்கும் கணக்குப் போடுபவர் இருக்கிறார். மின்சாரம், குடிநீர், கழிவுநீர், ஏசி, தீயணைப்பு, லிஃப்ட் என ஒவ்வொன்றுக்கும் ஒருவர் தன் வரைபடத்தோடு வந்து உட்காருகிறார். கணினி நெட்வொர்க்குக்கான ஆளை மட்டும் கடைசியில் அழைக்கிறீர்கள். அதற்குள் பெயின்ட் அடித்தாகிவிட்டது, ஃபால்ஸ் சீலிங் மூடியாகிவிட்டது, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. "எல்லா அறைக்கும் இன்டர்நெட் வந்துவிட வேண்டும்" என்கிறீர்கள். நாங்களும் கிடைத்த சந்து பொந்துகளில் கேபிளை இழுத்து எப்படியோ கொடுத்துவிடுகிறோம். அவசரத்தில் இழுத்த அந்தக் கேபிள்கள் பிறகு பல ஆண்டுகள் அங்கே வேலை செய்பவர்களைப் படுத்துகின்றன.

உள்வலையமைப்பை, அதாவது லேனை, வடிவமைக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். நெட்வொர்க்கையும் கட்டடத்தின் ஓர் உறுப்பாக எண்ணி, வரைபட நிலையிலேயே அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

ஒரு நெட்வொர்க்கில் வெவ்வேறு ஆயுள் கொண்ட இரண்டு பகுதிகள் இருக்கின்றன. சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைப்பது), ரௌட்டர் (ஒரு வலையை இன்னொரு வலையோடு இணைப்பது), ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை அலையைப் பரப்புவது) போன்ற பெட்டிகளை ஐந்து முதல் எட்டு ஆண்டுகளில் எப்படியும் மாற்றிவிடுவீர்கள். சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் கிடக்கும் கேபிளை யாரும் அவ்வளவு சுலபமாகத் தொட மாட்டார்கள். 1990இல் முறுக்கிணைக் கம்பியில் (இரண்டிரண்டாக முறுக்கிய தாமிரக் கம்பி) ஈத்தர்நெட், அதாவது லேனில் கணினிகள் பேசிக்கொள்ளும் முறை, ஓடுவதற்கான தரம் வந்தபோது வேகம் நொடிக்கு 10 மெகாபிட். 1995இல் அது 100 ஆனது, 1999இல் 1000 ஆனது. அடுத்து 10 கிகாபிட்டுக்கான (ஒரு கிகாபிட் என்பது 1000 மெகாபிட்) தரம் 2006இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 2016இல் நடுவில் புகுந்து 2.5 கிகாபிட், 5 கிகாபிட் என்று இரண்டு வேகங்களுக்குத் தனியாக ஒரு தரம் எழுத வேண்டியிருந்தது. உலகம் முழுக்கக் கட்டடங்களில் ஏற்கெனவே கிடந்த கேட் 5ஈ, கேட் 6 என்ற தர வகைக் கேபிள்களை யாரும் பிடுங்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் காரணம். பெட்டிகளைக் கேபிளுக்கு ஏற்றபடி வடிவமைத்தார்கள். சுவருக்குள் போன முடிவுக்கு அவ்வளவு பிடிவாதம் உண்டு.

ஆனால் ஒப்பந்தப் பட்டியலைப் பார்த்தால் பெட்டிகளுக்கு நட்சத்திரக் குறி போட்டு விவாதம் நடக்கிறது. கேபிள் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இதை நீங்கள் தலைகீழாக மாற்ற வேண்டும். சுவிட்ச் சரியில்லை என்றால் ஒரு விடுமுறை நாளில் கழற்றி மாற்றிவிடலாம். கேபிள் சரியில்லை என்றால் சீலிங்கைப் பிரிக்க வேண்டும்.

முதலில் அறை. இன்றைய லேன் நட்சத்திர அமைப்பு. ஒவ்வொரு மேசையிலிருந்தும் தனித்தனிக் கேபிள் ஒரு பொது அறைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த அறைக்கும் சுவரில் உள்ள ஜாக்குக்கும் நடுவே நிரந்தரமாகக் கிடக்கும் கேபிள் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரு முனையிலும் செருகும் பேட்ச் கார்டு என்ற சிறு கேபிள்களுக்காக மீதி 10 மீட்டரைச் சேர்த்து மொத்தம் 100 மீட்டர் என்பது தரத்தில் எழுதப்பட்ட வரம்பு. வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நேர்க்கோட்டில் அளந்து "எழுபது மீட்டர்தானே வருகிறது" என்று சொல்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேபிள் நேர்க்கோட்டில் போகாது. சுவிட்சுகளை அடுக்கும் ரேக்கிலிருந்து சீலிங்குக்கு ஏறும், கேபிளைத் தாங்கும் டிரேயோடு தாழ்வாரத்தைச் சுற்றும், பீமைத் தவிர்க்க வளையும், பிறகு சுவரோடு இறங்கி ஜாக்குக்கு வரும். ஏற்ற இறக்கத்துக்கு மட்டுமே எட்டுப் பத்து மீட்டர் போய்விடும். வரைபடத்தில் எழுபதாகத் தெரிந்தது தரையில் நூறாகிவிடும். அதனால்தான் அந்த அறை தளத்தின் நடுவே இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். மூலையில் மிச்சமாகிப் போன இடத்தைக் கொடுத்தால் எதிர் மூலைக்கு எட்டாது. அப்போது சீலிங்குக்குள் ஒரு குட்டி சுவிட்சைத் தொங்கவிட்டுச் சமாளிப்பார்கள். அது சூட்டில் கருகும் நாளில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

தளத்துக்கு ஒரு அறை, எல்லாத் தளத்திலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக. இது அமைந்துவிட்டால் மாடிக்கு மாடி கேபிள் நேராக ஏறிவிடும். கழிப்பறைக்கு அடியிலோ தண்ணீர்க் குழாய் போகும் வழியிலோ அதை வைக்காதீர்கள். துடைப்பமும் பழைய நாற்காலியும் போடும் அறையோடு சேர்த்துவிடவும் வேண்டாம். இன்னொன்றை எல்லோருமே மறக்கிறார்கள்: சுவிட்சுகள் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகின்றன, கட்டடத்தின் மைய ஏசி மாலையில் நின்றுவிடுகிறது. இரவு முழுக்கப் பூட்டிய அறைக்குள் சூடு ஏறும். அந்த அறைக்குத் தனி ஏசியும், யூபிஎஸ் வழியாகத் தனி மின்சுற்றும் வேண்டும். இவை வரைபடத்தில் இல்லையென்றால் பிறகு எந்த நெட்வொர்க் நிபுணர் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேபிள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு காலத்தில் இந்தக் கேபிள் தகவலை மட்டும் சுமந்தது. 2003இல் வந்த தரத்தோடு மின்சாரத்தையும் சுமக்கத் தொடங்கியது. அப்போது ஒரு போர்ட்டுக்கு, அதாவது சுவிட்சில் கேபிள் செருகும் ஒரு துளைக்கு, 15.4 வாட். 2009இல் 30 வாட். 2018இல் 90 வாட் வரை போய்விட்டது. கேமரா, வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், மேசைத் தொலைபேசி, கதவுப் பூட்டு எல்லாம் இன்று அந்த ஒரே கேபிளில் மின்சாரமும் எடுத்துக்கொள்கின்றன. நூறு கேபிளை ஒரே கட்டாக இறுக்கிக் கட்டினால் நடுவில் இருப்பவை சூடேறும். சூடு ஏறினால் சிக்னல் இழப்பு கூடும், 100 மீட்டர் என்ற வரம்பே குறைந்துவிடும். இதற்காகவே டிரேயை அகலமாகக் கேட்கிறோம், கட்டுகளைச் சிறியதாகவும் தளர்வாகவும் கட்டச் சொல்கிறோம்.

சந்தையில் தாமிர முலாம் பூசிய அலுமினியக் கம்பி கொண்ட கேபிள் கிடைக்கிறது. உறையில் "கேட் 6" என்றே அச்சிட்டிருக்கும். விலை குறைவு, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதன் மின்தடை அதே அளவு சுத்தத் தாமிரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வளைத்தால் சுலபமாக முறியும், மின்சாரம் ஏற்றினால் கூடுதலாகச் சூடேறும். கேபிளுக்கான தரங்கள் எதுவும் அதை ஏற்பதில்லை. கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. ஒரு துண்டை வெட்டி, உள்ளிருக்கும் கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். தாமிரம் என்றால் உள்ளேயும் செம்பு நிறம்தான் வரும். வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தப் பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். இந்தச் சோதனையைத் தளப் பொறியாளர் ஒவ்வொரு பெட்டிக்கும் செய்யட்டும், ஒரு நிமிடம்கூட ஆகாது.

முனை கட்டும் விதத்தையும் பக்கத்தில் நின்று பாருங்கள். கேபிளுக்குள் நான்கு இணைக் கம்பிகள், ஒவ்வோர் இணையும் வெவ்வேறு அளவில் முறுக்கப்பட்டிருக்கும். ஒரு இணையின் சத்தம் பக்கத்து இணைக்குள் கசியாமல் காப்பது அந்த முறுக்குதான். ஜாக்கில் செருகும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது, அதாவது அரை அங்குலம். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குலத்துக்கு உரித்து, நான்கு இணையையும் பிரித்துச் சீப்பால் வாரியதுபோல் நேராக்கிச் செருகுகிறவர்கள் உண்டு. எட்டு விளக்கு எரியும் சிறிய டெஸ்டரில் அதுவும் தேறிவிடும், ஏனென்றால் அந்தக் கருவி கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. கசிவு, இழப்பு, எதிரொலிப்பு ஆகியவற்றை அலைவரிசை வாரியாக அளந்து, ஒவ்வொரு ஜாக்குக்கும் தேறியது, தேறவில்லை என்று அறிக்கை தரும் சான்றுக் கருவி வேறு. அதன் அறிக்கை இல்லாமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு "சில நேரம் மட்டும் மெதுவாக இருக்கிறது" என்று பயனாளர்கள் புலம்பும் வலைகளில் பாதிக்கு மேல் இந்த முனைகளில்தான் நோய் இருக்கிறது என்பது என் அனுபவம்.

மாடிக்கு மாடி, கட்டடத்துக்குக் கட்டடம் போகும் முதுகெலும்புக்கு, ஒளியால் தகவலைச் சுமக்கும் கண்ணாடி இழையான ஃபைபர்தான். கட்டடங்களுக்கு நடுவே தாமிரம் இழுக்கவே கூடாது. இடி இறங்கினாலும், இரு கட்டடங்களின் எர்த்துக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு வந்தாலும் அது கேபிள் வழியே உள்ளே வந்து சுவிட்சுகளைச் சுட்டுவிடும். ஃபைபரிலும், ஒளி ஒரே பாதையில் போகும் மெல்லிய உட்கரு கொண்ட சிங்கிள் மோடைத் தேர்ந்தெடுங்கள். 1990களில் போட்ட, ஒளி பல பாதைகளில் போகும் தடித்த உட்கரு கொண்ட மல்டிமோடு ஃபைபர், 10 கிகாபிட் வந்தபோது முப்பது மீட்டர் அளவிலேயே நின்றுவிட்டது. சிங்கிள் மோடில் இரு முனையிலும் ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூலை மட்டும் மாற்றி 1, 10, 100 கிகாபிட் என்று ஏறிக்கொண்டே போகலாம். இன்றைக்கு நான்கு இழை போதும் என்றால் பன்னிரண்டு போடுங்கள். இழையின் விலை அற்பம்; பள்ளம் தோண்டும் செலவுதான் செலவு.

இரண்டாவது பாதை ஒன்றையும் கேட்போம். ஒரு இணைப்பு அறுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும் என்று இரண்டு ஃபைபர் போடச் சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் இரண்டையும் ஒரே பைப்பில் விட்டால் ஒரே கடப்பாரை அடியில் இரண்டும் போய்விடும். கட்டடத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு செங்குத்து வழிகள் வேண்டும். அதைக் கட்டடக் கலைஞரால்தான் கொடுக்க முடியும், எங்களால் முடியாது.

இந்த மாற்றுப் பாதை என்ற விஷயம் வரும்போதே ஒரு ஆபத்தும் கூட வருகிறது. ஈத்தர்நெட் சட்டகத்தில், அதாவது தகவலைச் சுமக்கும் சிறு பொட்டலத்தில், இத்தனை தாவலோடு அழிந்துவிடு என்று சொல்லும் ஆயுள் எண்ணிக்கை எதுவும் கிடையாது. வலையில் ஒரு வளையம் உண்டாகிவிட்டால் எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி அதிலேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் மொத்த நெட்வொர்க்கையும் மூச்சுமுட்ட வைத்துவிடும். கூட்ட அறையில் தரையில் கிடக்கும் பேட்ச் கார்டின் இன்னொரு முனையையும் யாரோ நல்லெண்ணத்தில் பக்கத்து ஜாக்கிலேயே செருகிவிடுவார். அவ்வளவு போதும். ரேக்கில் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல் மினுக்கும், "இருக்கிறாயா" என்று ஒரு கணினி கேட்டுப் பார்க்கும் பிங்குக்குக்கூடப் பதில் வராது. இதைத் தடுக்க 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ முறை, வளையத்தைக் கண்டால் ஒரு இணைப்பைத் தானாக மூடி வைக்கிறது. அருமையான வேலை. ஆனால் வடிவமைப்பே இல்லாத வலையை அதனால் காப்பாற்ற முடியாது.

பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் 2002 நவம்பரில் நடந்தது அதற்குச் சாட்சி. ஆண்டுக்கணக்கில் ஒட்டுப்போட்டு வளர்ந்த வலை அது. சுவிட்சோடு சுவிட்சாகக் கோத்த சங்கிலி, ஸ்பேனிங் ட்ரீ தரம் பரிந்துரைத்த ஏழு தாவல் (ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்கு ஒரு தாவல்) வரம்பைத் தாண்டியிருந்தது. ஒரு நாள் சுமை கூடியதும் அது நிலைகுலைந்தது. ஏறக்குறைய நான்கு நாள் மருத்துவர்களும் செவிலியர்களும் பழையபடி காகிதத்தில் மருந்துச் சீட்டு எழுதி, பரிசோதனை முடிவுகளை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்கள். அந்த மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் நடந்ததை மறைக்காமல் பொதுவில் பேசினார். இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் அதற்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

வலையை அடுக்குகளாகக் கட்டச் சொல்வது இதனால்தான். மேசைக்குப் பக்கத்தில் அணுகல் சுவிட்சுகள், அவற்றையெல்லாம் சேர்க்கும் ஓர் இடை அடுக்கு, அதற்கு மேல் மையம். சிறிய கட்டடம் என்றால் இடையையும் மையத்தையும் ஒன்றாக்கிவிடலாம். எந்த அணுகல் சுவிட்சும் இன்னோர் அணுகல் சுவிட்சின் வாலில் தொங்கக் கூடாது. எந்தச் சுவிட்சிலும் நிர்வாக வசதியும் வளையத் தடுப்பும் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் மேசைக்கடியில் வைக்கும் மலிவான எட்டு போர்ட் சுவிட்சில் ஸ்பேனிங் ட்ரீ இருக்காது. அறைக்குப் போதுமான ஜாக்குகளை முதலிலேயே கொடுத்துவிட்டால் அந்தப் பெட்டியை யாரும் வாங்கி வர மாட்டார்கள். ஆக இதுவும் வரைபடத்துக்கே வந்து நிற்கிறது.

"வைஃபை இருக்கும்போது இவ்வளவு கேபிள் எதற்கு?" என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டும் ஒரு கேபிளில்தான் தொங்குகிறது. அதற்கு மின்சாரமும் அதிலிருந்துதான். இன்றைய ஆக்சஸ் பாயிண்டுகள் ஒரு கிகாபிட்டுக்கு மேல் கேட்கின்றன. எனவே சீலிங்கில் ஒவ்வோர் இடத்துக்கும் கேட் 6ஏ கேபிள் இரண்டு இழுத்து வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். தாழ்வாரம் நெடுகிலும் வரிசையாக ஆக்சஸ் பாயிண்ட் மாட்டினால் அவை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கும். அறைக்குள் இருப்பவருக்குச் சிக்னல் போகாது. ஆள் இருக்கும் அறையில் மாட்ட வேண்டும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி, உலோகச் சீலிங், கம்பி செறிந்த கான்கிரீட் எல்லாம் வானொலி அலையைத் தின்றுவிடும். நீங்கள் எந்தச் சுவரில் எந்தப் பொருளைப் போடுகிறீர்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே கொடுத்தால் ஆக்சஸ் பாயிண்ட் எண்ணிக்கையை எங்களால் ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும்.

இனி நிர்வாகக் குழுவிடம் மட்டும் ஒரு விஷயம். யார் யாரோடு பேசலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள். கணக்குப் பிரிவு, விருந்தினர் வைஃபை, கேமராக்கள், கதவுப் பூட்டு, ஆய்வகக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டையான வலையில் விட்டால் ஒன்றில் வந்த நோய் எல்லாவற்றுக்கும் பரவும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள் அப்படித்தான் பரவியது. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்கத் தேவையில்லாமல், விண்டோஸ் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகத் தாவியது. ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. இருந்தும் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளுக்குக் கொடுத்த தேதிகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. ஒரே சுவிட்சுகளின் மேல் வலையைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் வீலேன் என்ற முறைக்கான தரம் 1998இலேயே வந்துவிட்டது, நிர்வகிக்கக்கூடிய எந்தச் சுவிட்சிலும் அது உண்டு, தனிச் செலவு இல்லை. பிரித்தால் மட்டும் போதாது. பிரிவுகளுக்கு நடுவே எது போகலாம் எது கூடாது என்ற விதியும், போக்குவரத்தைச் சோதித்து விடும் ஃபயர்வாலில் எழுதப்பட வேண்டும். அந்த விதியை எழுத நிறுவனத்தின் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எங்களுக்கு அது தெரியாது. பிரிவுத் தலைவர்களோடு ஒரு முழு நாள் உட்கார நேரம் கொடுங்கள்.

வலையில் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்ணான ஐபி முகவரிக்கான திட்டத்தையும் அதே நாளில் முடிவு செய்துவிடலாம். பெட்டியோடு வந்த 192.168.1 என்ற தொடரை அப்படியே வைத்துக்கொண்ட இரண்டு கிளைகளைப் பின்னாளில் இணைக்க நேர்ந்தால் இரண்டிலும் ஒரே எண்கள் நின்று மோதும். 10 என்று தொடங்கும் தனியார் முகவரித் தொடரில் ஏறக்குறைய 1.67 கோடி முகவரிகள் இருக்கின்றன. கட்டடத்துக்கு ஒரு தொகுதி, தளத்துக்கு ஒரு பகுதி என்று தாராளமாகப் பிரிக்கலாம்.

கடைசியாக, ஒப்படைப்பு. வேலை முடிந்ததும் ஒப்பந்ததாரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார், எந்த ஜாக், அறையில் கேபிள்கள் வந்து சேரும் எந்த பேட்ச் பேனலில் எந்தப் போர்ட்டில் முடிகிறது என்பது அவர் தலைக்குள்ளேயே போய்விடுகிறது. சுவிட்சுகளின் கடவுச்சொல்லே நிறுவனத்தின் கையில் இல்லாத இடங்கள் உண்டு. இந்த நிலையைப் பணத்தை நிறுத்திவைத்துத்தான் சரிசெய்ய முடியும். ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் இதை எழுதிவிடுங்கள்: ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் அழியாத லேபிள், தளவாரியாகப் போர்ட் வரைபடம், ஒவ்வொரு ஜாக்குக்கும் சான்றுக் கருவியின் அறிக்கை, எல்லாச் சுவிட்சுகளின் அமைப்புக் கோப்பு, எல்லாக் கடவுச்சொல்லும் நிறுவனத்தின் பெயரில். இவை கைக்கு வந்து, உங்கள் ஆள் பத்து ஜாக்குகளைத் தானே தேர்ந்தெடுத்துச் சரிபார்த்த பிறகே கடைசித் தவணை. அந்தத் தவணை மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் வடிவமைப்புப் பணியில் இருக்கும் ஒருவன்